அட்டையின் பின்பக்கம்

முந்நூற்றைம்பது ஜி.எஸ்.எம்.முக்குக் குறைந்த கனத்தில் அட்டையை வாங்காதீர்கள். யார் கேட்டாலும் நான் சொல்லுகிற முதல் புத்திமதி அதுதான். முந்நூறில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் கடையில் தொங்கினால் அட்டை ஈரத்தைக் குடித்து முன்பக்கம் வளைந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கும்பிடு போட ஆரம்பித்துவிடும். கும்பிடு போடுகிற சரக்கை யாரும் மதித்து வாங்குவதில்லை.

நீங்கள் கேட்டது என் சகலையின் சாவைப் பற்றி. தெரியும். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன், ஆனால் அட்டை வழியாகத்தான் வர முடியும். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் பதறாமல் தட்டச்சு செய்யட்டும், எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரியில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. கடைசியில் நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன். அது என் பழைய தொழில்.

பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் லேபிள் சரிபார்த்தேன். உறையில் என்ன போட்டிருக்கிறதோ அது உள்ளே இருக்க வேண்டும், உள்ளே இருப்பது உறையில் இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒருமுறை உறைப் படத்தில் பிஸ்கட்டின் மேல் மூன்று முந்திரி இருந்தது. உள்ளே இருந்த பிஸ்கட் முந்திரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நாலு லாரிச் சரக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். மேலாளர் ஓடி வந்தார், காலில் விழாத குறை.

"படம்தானேய்யா, யாரு எண்ணிப் பாக்கப் போறா?" என்றார்.

"நான் எண்ணிட்டேனே சார்," என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பொடியெழுத்து என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரே வீடு, மாடியில் நாங்கள், கீழே அவர்கள். வேலையில் இருந்தவரை பஸ்களுக்கு வர்ணம் அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, அவ்வளவு பெரிய வண்டிக்கு அடித்த கை விரல் நீள மீனுக்கு அடிக்க ஆரம்பித்தது. தூண்டிலில் புழுவுக்குப் பதிலாக மாட்டுகிற பொய்மீன். மரத்தில் செதுக்கி, தலைப்பக்கம் ஈயம் வைத்து, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக முள் தொங்கவிட்டு, வர்ணம் அடித்து, வார்னிஷ் பூசி, கடைசியாகக் கண் எழுதுவார். கண் எழுதுவதற்கு மட்டும் பூதக்கண்ணாடி வைத்த ஒரு விளக்கு வைத்திருந்தார். தண்ணீரில் போட்டு இழுத்தால் அந்த மரக்கட்டை இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும் அழகைப் பார்த்து, ஏரியில் உள்ள பெரிய மீன்கள் மானம் மரியாதை இல்லாமல் வந்து கவ்வின.

ஆனால் அவற்றை விற்பதற்கு அவர் செய்திருந்த ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயில் ஒரு ஸ்டேப்ளர் பின். தூண்டில் கடைக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் கூட இருந்தேன்.

"அண்ணே, மீனு பிரமாதம். ஆனா பாக்குறதுக்கு, டாக்டரு பல்லப் புடுங்கிக் கவர்ல போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு."

சகலை வீடு வரும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. இவ்வளவு நல்ல சரக்கு, இவ்வளவு கேவலமான உறை. முப்பத்தொரு வருடம் நேர்மாறானதைப் பார்த்தே பழகியவன் நான்.

மூன்று மாதம் அதே வேலையாக இருந்தேன். பல் பிரஷ் கம்பெனி ஒன்று அளவு பிசகிய பிளாஸ்டிக் குமிழ்களை எடைக்குப் போடுகிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு மூட்டை வாங்கி வந்தேன். பிரஷ்ஷின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மீனின் தலை அளவெடுத்தது போல உட்கார்ந்தது. குமிழை அட்டையோடு ஒட்டுகிற மெஷினுக்குப் போனால் வீட்டை விற்க வேண்டும். என் மனைவியின் இஸ்திரிப் பெட்டியே போதும் என்று கண்டுபிடித்தேன். நடுவில் ஒரு பருத்தித் துணி, ஆறு விநாடி. முள் வர்ணத்தைக் கீறாமல் இருக்க, ஜூஸ் உறிஞ்சுகிற குழாயைத் துண்டு துண்டாக வெட்டி முனைகளில் செருகினேன். வார்னிஷ் முழுசாகக் காயாத மீனை அடைத்தால் குமிழுக்குள் பனி படியும், அதற்காகப் பின்பக்கம் ஓர் ஊசித் துளை. தொங்கவிடுகிற ஓட்டையை நட்ட நடுவில் போடக் கூடாது. தலைப்பக்கம் ஈயம் இருப்பதால் அட்டை ஒரு பக்கம் சாயும், ஓட்டையை ஒரு நூல் அளவு தலைப்பக்கம் தள்ள வேண்டும். அந்த ஒரு நூலைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. என் மனைவி, தன் துணியெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கிறது என்று பதினோரு நாளும் சொன்னாள்.

வெள்ளை அட்டையில் கையால் எழுதிய மாதிரியை எடுத்துக்கொண்டு இருவரும் மறுபடி கடைக்குப் போனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கப்பலில் வந்த சரக்கு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு கல்லாவுக்கு மேலே தொங்கிய ஓர் அட்டையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு பொய்மீன், மேலே அதைச் செய்த கிழவரின் கறுப்பு வெள்ளைப் படம், அதற்குக் கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, இறந்த வருடம்.

"பாக்க உங்களுது நல்லாவே இருக்கு. ஆனா போறது இதுதான். இவரு போனதுக்கப்புறம் சரக்கு நிக்கவே மாட்டேங்குது. வாங்குறவன்ல பாதிப் பேரு தண்ணில போடுறதே இல்ல, செவுத்துல மாட்டி வச்சுக்கிறான். இனிமே கிடைக்காதுங்கிறதுக்குத்தான் மதிப்பு."

"அப்ப நான் செத்தாத்தான் என் மீனு நீந்தும்ங்கிற," என்றார் சகலை. இருவரும் சிரித்தார்கள்.

அன்று நான் எதுவும் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில் இருந்த கோடு சரியான நீளத்தில் இருந்தது என்பதை மட்டும் கவனித்தேன்.

போன ஆகஸ்ட் மாதம் சகலைக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை பெரிய டாக்டர் எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "ரெண்டு நாள் தாண்டாது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார். என் கொழுந்தியாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அச்சகக்காரர்.

"சார், பெரிய மருந்துப் பெட்டி வேலை ஒண்ணு ஓடுது. ஷீட்டுல ஓரம் மிஞ்சுது. உங்க அட்டையச் சேத்து ஓட்டிரவா? மதியத்துக்குள்ள மேட்டர் வேணும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாலு வண்ணம், மேலே பளபளப்புப் பூச்சு, நல்ல அட்டை, இதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குத் தனியாக அச்சடித்துக் கட்டுப்படியாகாது. ஒரே வழிதான் உண்டு. பெரிய கம்பெனி ஒன்றின் வேலை ஓடும்போது, அந்தத் தாளின் ஓரத்தில் வீணாகப் போகிற இடத்தில் நம்முடையதைச் செருகிவிட வேண்டும். அப்படி ஓர் ஓரத்துக்காக நாலு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன். அது வரும்போது வரும், நம் வீட்டுச் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டு வராது.

என் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவர் என்று அச்சடித்தால், இரண்டே நாளில் ஆயிரம் அட்டையும் பொய்யாகிவிடும். படித்த டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி, எழுத்தில் கேட்டாலும் தந்திருப்பார். நான் டாக்டர் பேச்சை நம்பினேன். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசகத்தை எழுதினேன்: "மறைந்த கைவினைஞரின் கடைசித் தொகுப்பு." பிறந்த வருடத்தை ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்தே எடுத்தேன், பிறகு கோடு, பிறகு அந்த வருடம். படத்துக்கு அவருடைய பழைய வேலை அடையாள அட்டை என் பையில் இருந்தது. போனில் எல்லாவற்றையும் படித்துச் சொல்லும்போது அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அழுதுகொண்டே கோட்டின் நீளத்தையும் சொன்னேன், ஏனென்றால் அச்சகக்காரர்கள் அதை எப்போதும் குட்டையாகப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை சகலை கண்ணைத் திறந்து டீ கேட்டார்.

டாக்டர் அதைத் தன் சாதனையாக எடுத்துக்கொண்டார். பிஸ்கட்டுக்குக்கூட லேபிள் சரிபார்க்க ஆள் உண்டு, டாக்டர் சொன்னதையும் நடந்ததையும் ஒத்துப் பார்க்க ஆள் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பத்து நாள் கழித்து ஒரே ஆட்டோவில் இரண்டு வந்து இறங்கின. முன்சீட்டில் அட்டைக்கட்டு, பின்சீட்டில் சகலை.

அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி வந்திருந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, ஓரம் கத்தி போல வெட்டியிருந்தது, ஓட்டை ஒரு நூல் தள்ளி இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான பொருள் அதுதான். அதில் இருந்த ஒரே பிழை கீழ்வீட்டில் உட்கார்ந்து மீன் செதுக்கிக்கொண்டிருந்தது.

எடுத்த எடுப்பில் இந்த முடிவுக்கு வந்தவன் என்று என்னை எழுதிவிடாதீர்கள். எல்லா வழியும் பார்த்தேன். மேலே ஸ்டிக்கர் ஒட்டினேன். பூச்சு போட்ட அட்டையில் அது நிற்கவில்லை, இரண்டாம் நாள் ஓரம் தூக்கிக்கொண்டு, அடியில் இருந்த "மறைந்த" எட்டிப் பார்த்தது. கறுப்பு மையால் அடித்துப் பார்த்தேன், திருட்டுச் சரக்கு மாதிரி ஆனது. கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தேன். கனம் மாறி, பதினோரு நாள் உழைத்த ஓட்டை அர்த்தமில்லாமல் போய் அட்டை சாய்ந்தது. தூக்கிப் போட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஆயிரம் அட்டை, முந்நூற்றைம்பது ஜி.எஸ்.எம். உங்களால் முடிந்திருக்கலாம்.

அக்டோபர் தொடக்கத்தில் சகலையே அதைப் பார்த்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டு மாடிக்கு வந்தவர், என் மேஜையில் கிடந்ததை எடுத்துப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"என்ன சகலை, என்னை அனுப்பி வச்சுட்டீங்க. சொல்லவே இல்ல?"

நடந்ததைச் சொன்னேன்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. உயிரோட இருக்கிறப்ப ஒருத்தனும் என்னை இப்படிப் பாக்கல," என்றார். அட்டையைத் தள்ளிப் பிடித்து மறுபடி பார்த்தார். "இந்த வருஷம்னுதானே போட்டிருக்கு? டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கே. அட்டை வீணாப் போகக் கூடாதுன்னா சொல்லுங்க, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

இதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது. சகலை சொன்ன சொல் மாறாதவர், குடும்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் அவர் எதைத்தான் சிரிக்காமல் சொன்னார்?

அடுத்து மாத்திரை. அந்த யோசனையும் என்னுடையது இல்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தது மூன்று வகை, வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள். ஒன்றை விட்டாலும் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார். சகலை காலையில் போட வேண்டியதை மாலையில் போடுவார், மஞ்சளை இரண்டு தடவை போடுவார். என் கொழுந்தியாள்தான் மாடிக்கு வந்தாள்.

"அத்தான், மீனுக்கெல்லாம் அட்டை போடுறீங்க. இவரு மாத்திரைக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். போட்டாரா இல்லையான்னே எனக்குத் தெரியமாட்டேங்குது, பயமா இருக்கு."

வாரத்துக்கு ஓர் அட்டை செய்தேன். ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று குமிழ், மேலே காலை, மதியம், இரவு. தலைப்பில் "தவறாமல் சாப்பிடவும்." பார்த்தவர்கள் கடையில் வாங்கியது என்றே நினைத்தார்கள். குமிழுக்குள் நான் வைத்தது மிட்டாய். குழந்தைகளுக்கு விற்கிற சர்க்கரை வில்லை, அதுவும் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்றே வருகிறது. அந்த நிறப் பொருத்தத்தைப் பார்த்தபோது, இது நடக்க வேண்டியதுதான் போலும் என்று எனக்குத் தோன்றியது.

நிஜ மாத்திரைகளை நான் வீணாக்கவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு என் அலமாரியில் வைத்தேன். அதை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். அதன் மேல் "சகலையின் மாத்திரைகள்" என்று ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். லேபிளும் சரி, சரக்கும் சரி.

இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். அந்த வார அட்டைகளின் முன்பக்கத்தில் மருந்து என்ற சொல் எங்கேயும் இல்லை. பின்பக்கம் கீழே, இடது ஓரத்தில், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரி இருக்கும்: "உள்ளடக்கம்: சர்க்கரை, மாவு, வண்ணம். இதில் மருந்து எதுவும் இல்லை." நாலு புள்ளி எழுத்து. தொழிற்சாலையில் நாங்கள் விட்டுக்கொடுத்த மிகச் சிறிய அளவு அதுதான். அதற்குக் கீழே போனால் ஏமாற்று வேலை. நான் அதற்குக் கீழே போகவில்லை.

அவர் அந்த வரியைப் பார்த்தார். நவம்பர் மாதம், வாசலில் உட்கார்ந்திருந்தோம், மதிய வில்லையை அழுத்தி எடுத்து வாயில் போட்டுவிட்டு அட்டையைத் திருப்பினார்.

"சகலை, பின்னாடி என்னமோ பொடிப்பொடியா போட்டிருக்கீங்களே, என்னது?"

"உள்ள என்ன இருக்குன்னு போட்டிருக்கேன். படிச்சுப் பாருங்க."

"கண்ணாடி உள்ள இருக்கு," என்றார். எழுந்திருக்கப் போன மாதிரி இருந்தது, பிறகு அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "விடுங்க. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேலாளரும் என் வேலையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் காலை அடுத்த வாரத்து அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சிக்கல் என்னவென்றால் மனிதர் தேறிக்கொண்டே போனார். முகத்தில் களை வந்தது. சாயங்காலம் ஏரி வரை நடந்து போய்விட்டு வந்தார். புது டாக்டர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, மாத்திரையை இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று பாராட்டினாராம். கொழுந்தியாள் அந்தப் பாராட்டை நேராக மாடிக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். இது போதாதென்று அவர் வெள்ளி உடம்பில் நீலக் கோடு போட்டுப் புதிதாக ஒரு வகை மீன் செய்ய ஆரம்பித்தார். அட்டையில் கடைசித் தொகுப்பு என்று போட்டிருக்கிறது, இவர் தினமும் இரண்டு மீன் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மீனுக்கும் என் அட்டை இன்னும் கொஞ்சம் பொய்யாகிக்கொண்டு போனது. இரவில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குற்ற உணர்ச்சி என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியம் பெண்கள் இருவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கீழே மீன் அடுக்கிய மரப்பெட்டிகள் பன்னிரண்டு இருந்தன. அடைக்கிற வேலை மாடியில் நடக்கிறது, பெட்டிகள் மேலே வந்துவிட்டால் வசதி என்றேன். எனக்கு முழங்கால் வலி என்றும் சொன்னேன். அது பொய் இல்லை, மருத்துவச் சீட்டு இருக்கிறது.

"நீங்க நில்லுங்க சகலை, நான் பாத்துக்கிறேன்," என்றார்.

பத்தொன்பது படி. எட்டாவது பெட்டியோடு நடுத் திருப்பத்தில் நின்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்குது. இன்னும் எத்தனை?"

"நாலு இருக்கு," என்றேன். இரண்டு என்று சொல்லி ஏமாற்றியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நாலையும் தூக்கினார். அன்று மாலை நான் கீழே அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் டிவி பார்த்துச் சிரித்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டே படுக்கப் போனார். அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது என்று நானும் மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, பட்டறை நாற்காலியில், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே, கையில் பிரஷ்ஷோடு போய்விட்டார். மீனுக்கு ஒரு கண் எழுதியிருந்தார். கொழுந்தியாள் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. நான் முதலில் பார்த்தது காலண்டரைத்தான். மனிதர் சொன்ன சொல் மாறாதவர் என்று சொன்னேன். ஏழு மணி பத்து நிமிடம் மாறிவிட்டார்.

பத்து நாள் கழித்து அவள் பட்டறையைச் சுத்தம் செய்திருக்கிறாள். அங்கே மாட்டியிருந்த அவர் சட்டையின் பையில் கடைசி அட்டை இருந்தது, நாலைந்து குமிழ் பிரிக்காமல். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் விளக்கைப் போட்டு, சும்மா அதைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்திருக்கிறாள். அவர் தொட்ட பொருள் என்றுதான் பார்த்தாளாம். மாடிக்கு வந்து அட்டையை என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை.

"அத்தான், இதுல போட்டிருக்கிறது நெசமா?"

"நான் போட்டதுல என்னைக்காவது பொய் இருந்திருக்கா?"

என் மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்குப் படிக்கத் தெரியும் அத்தான்," என்றாள் கொழுந்தியாள். "உங்கள நம்புனதால படிக்கல."

அதன் பிறகுதான் உங்களிடம் வந்தாள். அவள் சொன்னதை நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. அன்றிலிருந்து வேறு எதையும் யோசிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரி அங்கே இருந்தது. எழுத்து அனுமதித்த அளவில் இருந்தது. பதினோரு அட்டையிலும் இருந்தது. படிக்கச் சொல்லியும் சொன்னேன். இதற்கு மேல் ஒரு லேபிள் என்ன செய்ய முடியும்?

சரி, உங்களுக்கு வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை எடுத்தது நான், மிட்டாயை வைத்தது நான். பெட்டிகளைத் தூக்க வைத்ததும் நான்தான். அவர் செத்துப்போவார் என்று தெரியும், சாக வேண்டும் என்றுதான் செய்தேன். எழுத்தர் தட்டச்சு செய்து முடித்ததும் கொடுங்கள், பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆயிரம் அட்டையும் இன்னும் என் பரணில்தான் இருக்கிறது. ஒன்றைக்கூடக் கடைக்குக் கொடுக்கவில்லை. அதில் இருப்பது போன வருடம், அவர் போனது இந்த வருடம். பொய்யான அட்டை ஒன்று கடையில் தொங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் ஒரே ஓர் உதவி. அவருடைய சாவு முப்பத்தொன்றாம் தேதி அந்தப் படியிலேயே ஆரம்பித்துவிட்டது, அது முடிவதற்குத்தான் காலை ஆகிவிட்டது. உங்கள் காகிதத்தில் தேதி என்று ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறீர்களே, அதில் மட்டும் டிசம்பர் முப்பத்தொன்று என்று போட்டுவிடுங்கள். ஏழு மணி நேரம்தானே. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?